கெட்டில் ஏரியில் இரண்டு ஓடுபாதைகள்

வெர்ஜில் டாக்கெட்டுக்கு விமானத்தளத்து அலுவலகம் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் பாக்கி வைத்திருந்தது. கெட்டில் ஏரியில் கோடு போட்ட கூலி அது. முன்பணம் என்று கொஞ்சம் வந்தது, வந்த வேகத்தில் தாருக்குப் போய்விட்டது. மே மாதம் முடித்த வேலைக்கு ஆகஸ்டு வரை மீதிப் பணம் வரவில்லை. இத்தனைக்கும் வேலையில் ஒரு குறையும் கிடையாது. குறை சொல்லும்படி வெர்ஜில் இந்த மொஹாவிப் பாலைவனத்தில் எதையுமே செய்ததில்லை.

படிப்பு நாலாம் வகுப்பு. ஊர் ஒக்லஹோமா. 1946-இல் ஓட்டை டிரக் ஒன்று, மண்வெட்டி இரண்டு, மனைவி ஓப்பல், இவ்வளவோடு வந்து சேர்ந்தார். அப்போது தளம் என்பது நாலு கொட்டகையும் காற்றும்தான். ஒலியை முந்தப் போகிறது என்று ஆரஞ்சு நிறத்தில் குட்டி விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதைப் பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் மாட்டி, மேலே போய் விட வேண்டும். மாட்டுவது எப்படி? பெரியதைத் தூக்குவதா, சின்னதைப் படுக்க வைப்பதா என்று கல்லூரி படித்தவர்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், தரையில் ஒரு குழி வெட்டிச் சின்னதை அதற்குள் இறக்கி, பெரியதை அதன்மேல் உருட்டி நிறுத்துவது என்று முடிவாயிற்று. அந்தக் குழியை வெட்டியவர்களில் வெர்ஜில் முதல் ஆள். "குழி இல்லேன்னா ஒலியாவது, தடையாவது! எல்லாம் தரையிலயே குந்திக்கிட்டு இருந்திருக்கும்" என்பார். பதினாறு வருடங்களில் இதைக் கேட்காத காது அந்த வட்டாரத்தில் இல்லை.

குழி வெட்டியவர் கோடு போடுகிறவர் ஆனார். வறண்ட ஏரி மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. தரை பத்தடி கீழே இருக்கிறதா, நூறடி கீழே இருக்கிறதா என்று பைலட்டின் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் ஓடுபாதையின் இரண்டு ஓரத்திலும் எட்டடி அகலத்துக்குக் கறுப்பாகத் தார் அடிக்க வேண்டும். மாரியில் மழை பெய்து ஏரியில் விரற்கடை தண்ணீர் நிற்கும். காற்று அதை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தள்ளித் தள்ளித் தரையைப் பூசி மெழுகிவிட்டுப் போகும். தரை புதிதாகும், கோடு போய்விடும். வெர்ஜிலுக்கு மறுபடி வேலை வரும்.

விமானங்களின் கதையை மற்றவர்கள் வேகத்தை வைத்துச் சொல்வார்கள். வெர்ஜில் கோட்டின் நீளத்தை வைத்துச் சொல்வார். ஆரஞ்சு விமானத்துக்கு இரண்டு மைல் போதுமாக இருந்தது. பிறகு ஊசி மூக்கோடு ஒன்று வந்தது. நிற்கும்போது பார்த்தால் உலகத்திலேயே வேகமானது அதுதான் என்று தோன்றும். ஓடவிட்டால் பாதி ஏரியைத் தின்ற பிறகுதான் தரையை விடும். அதற்காக இன்னும் மூன்று மைல். வால் இல்லாதது ஒன்று வந்து ஆடிக்கொண்டே பறந்தது. வெள்ளையாக வழவழவென்று ஒன்று வந்து ஒலியைப் போல இரண்டு மடங்கு போயிற்று, அடுத்து வந்தது மூன்று மடங்கு. ஒவ்வொன்றுக்கும் கோடு வளர்ந்தது, டாக்கெட்டின் டிரக்கும் வளர்ந்தது. இப்போது கறுப்பு ராக்கெட் விமானத்தின் காலம். இதற்கு ஒரு ஏரி போதாது. இருநூறு மைலுக்கு அப்பால் நெவாடாவில் கொண்டுபோய் இறக்கைக்கு அடியிலிருந்து அவிழ்த்து விடுவார்கள். ராக்கெட் பற்றினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வீடு. பற்றாவிட்டால் அடியில் எந்த ஏரி இருக்கிறதோ அதில் இறங்க வேண்டியதுதான். இறங்குவது மணிக்கு இருநூறு மைல் வேகத்தில். பின்னால் சக்கரம்கூடக் கிடையாது, இரண்டு இரும்புச் சறுக்குகள்தான். தரை இளகலாக இருந்து சறுக்கு புதைந்தால் விமானம் குப்புற விழும். உள்ளே இருப்பவன் பிழைக்க மாட்டான்.

கெட்டில் ஏரி அப்படிப்பட்ட ஓர் ஏரி. அலுவலகம் கொடுத்த வரைபடத்தில் ஓடுபாதை மேற்குப் பக்கமாக இருந்தது. மே மாதம் வெர்ஜில் அங்கே போய் வழக்கப்படி இரும்புக் குண்டை எடுத்தார். பதினெட்டு பவுண்டு எடை. அதைத் தலை உயரத்திலிருந்து போட்டு, விழுந்த பள்ளத்தின் அகலத்தை அளக்க வேண்டும். மூன்றேகால் அங்குலத்துக்குள் இருந்தால் தரை கெட்டி. தாண்டினால் ஆகாது. முதல் அரை மைல் கெட்டியாக இருந்தது. அதற்கப்பால் குண்டு பாதி முழுகிற்று. அடியில் எங்கேயோ ஊற்று இருந்தது. மேலே வெள்ளை ஓடு, உள்ளே கூழ். வெர்ஜில் இரண்டு நாள் குண்டைச் சுமந்து நடந்தார். நூற்று நாற்பது இடங்களில் போட்டுப் பார்த்துவிட்டு, அரை மைல் கிழக்கே தள்ளி, பாறை மாதிரி இருந்த தரையில் கோடு அடித்தார். பைலட் என்ன, பைலட்டின் பாட்டியே இறங்கலாம். அப்படி ஒரு கோடு.

பில்லை நீட்டியபோதுதான் பிரச்சினை முளைத்தது. தரைப் பணிகளின் கணக்குகளைப் பார்க்க வார்டு எல்லிங் என்று ஒருவன் புதிதாக வந்திருந்தான். முப்பது வயது, கழுத்தில் டை, மேசையில் ஏழு ரப்பர் முத்திரைகள்.

"மிஸ்டர் டாக்கெட், கோடு எங்க போட்டிருக்கீங்க?"

"ஏரியில."

"ஏரியில எங்க?"

"கெட்டியா இருக்கற எடத்துல."

"வரைபடத்துல காட்டின எடத்துல இல்லையே."

"அந்த எடத்துல சேறு இருக்கு, தம்பி."

எல்லிங் வரைபடத்தை விரித்து உற்றுப் பார்த்தான். "இதுல சேறு எதுவும் காட்டலையே."

"படத்துல எப்பிடிய்யா காட்டும்? அங்க போய்க் கால வச்சாத்தான் காட்டும்!"

"இடம் மாத்த எழுத்துல அனுமதி வாங்கினீங்களா?"

"யார்கிட்ட வாங்கறது? அங்க ஒரு ஓணான் இருந்துது. அதுக்கு எழுதத் தெரியலயே."

பின்னால் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். எல்லிங் சிரிக்கவில்லை. வரைபடப்படி கோடு இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை என்று பில்லின்மேல் ஒரு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான். அதன்பிறகு வெர்ஜில் பதினோரு தடவை அந்த அலுவலகப் படி ஏறினார். ஒரு தடவை மூன்று பிரதி கேட்டார்கள். மூன்று பிரதியோடு போனால், இப்போது நான்கு என்றார்கள். ஒரு தடவை எல்லிங் சாப்பிடப் போயிருந்தான். அடுத்த தடவை போனபோதும் சாப்பிடத்தான் போயிருந்தான், காலை ஒன்பதே காலுக்கு.

வீட்டில் ஓப்பலுக்குப் பொறுமை போயிற்று. அவள் சுரங்கத்து உணவு விடுதியில் சமைத்துவிட்டு வந்து, தன் வீட்டு அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசமா மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்கியே. அவன் சொல்ற எடத்துல கோட்டப் போட்டுட்டுப் பணத்த வாங்கிட்டு வாயேன்."

"நான் போட்டது சரியான கோடு, ஓப்பல்."

"சரியான கோட்ட வறுத்துத் திங்க முடியுமா? பேக்கர்ஸ்ஃபீல்டுலேருந்து மர்டாக் மறுபடி போன் பண்ணினான். தார்க் கடன் வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா டிரக்க எடுத்துக்கிட்டுப் போயிடுவானாம். டிரக் போச்சுன்னா நீ தார எதுல அடிப்ப? பல் தேய்க்கற பிரஷ்லயா?"

"சேத்துல கோடு போட்டா, அத நம்பி ஒருத்தன் எறங்குவான். எறங்கினா முதுகு ஒடியும். அப்பறம் நான் எந்த மூஞ்சியோட இந்த ஊர்ல நடப்பேன்?"

ஓப்பல் கரண்டியைச் சட்டியில் தட்டினாள். "அப்ப அந்த ஆளக் கொண்டுபோய்ச் சேத்துல தள்ளு. எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வேணும்."

புதன்கிழமை சாயங்காலம் ஹெர்ஷல் போன் செய்தார். விமானம் பறக்கிற நாட்களில் ஏரியில் தீயணைப்பு வண்டியோடு காத்திருக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். வெர்ஜிலோடு குழி வெட்டிய காலத்து ஆள்.

"வெர்ஜிலு, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கெட்டிலுக்கு மேல அவுத்து விடறாங்க. ஏரியில போய்ப் பாத்தா ரெண்டு ஓடுபாத இருக்கு. ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணு யாரோடதுய்யா?"

"ரெண்டா?"

"கிழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. மேக்க இருக்கறது புத்தம்புதுசாப் பளபளன்னு இருக்கு. பைலட்டு மேலேருந்து காசு சுண்டிப் பாக்கணுமா?"

எல்லிங் வேறு யாரையோ பிடித்து, வரைபடப்படியே கோடு அடிக்க வைத்திருந்தான். பணத்தைத் தராமல் இழுத்தடித்தது போதாதென்று, சேற்றின்மேல் வரவேற்புக் கம்பளம் வேறு விரித்து வைத்திருக்கிறான்! வெர்ஜில் போனை வைத்த வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி கீழே விழுந்தது. கிழக்கு வெளுக்குமுன் கிளம்பிவிட்டார். தார் டிரக்கில் கடைசி இரண்டு பீப்பாய் இருந்தது. அதற்கும் மர்டாக்குக்குத்தான் கடன்.

ஒன்பதே முக்காலுக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லிங்கும் வந்திருந்தான். குழுவினருக்குச் சாப்பாட்டுப் படியும் தங்கும் படியும் கொடுக்க, பணப்பெட்டியோடு அரசாங்கக் காரில் வந்திருந்தான். அந்த வெயிலிலும் டை.

"எல்லிங் தம்பி, குண்டு போட்டுப் பாத்தியா?"

"பாக்காம இருப்பனா? பத்துத் தடவ போட்டேன். பத்தும் மூணு அங்குலத்துக்குள்ளதான்."

"எங்க போட்ட?"

"கோட்டுல."

"கோட்டுல எங்க?"

"ஆரம்பத்துல. கார் நின்ன எடத்துல."

"பத்தும் அங்கயேவா?"

"விதியில பத்துத் தடவன்னுதான் இருக்கு. பத்து எடத்துலன்னு இல்ல. அந்தக் குண்டு பதினெட்டு பவுண்டு, மிஸ்டர் டாக்கெட்!"

வெர்ஜில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஹெர்ஷல் வானத்தைப் பார்த்தார். "எப்பா, யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ரேடியோவுல ஏரி தயாரான்னு கேப்பாங்க. எந்தக் கோடுன்னு சொல்றது?"

"மேற்கு" என்றான் எல்லிங். "நானே ஓட்டிக் காட்டறேன். ரெண்டு டன் கார். இது தாங்கினா எதையும் தாங்கும்."

"போகாதய்யா" என்றார் வெர்ஜில்.

"உங்க பில்லு பொய்யின்னு தெரிஞ்சுடுமேன்னு பயமா?"

வெர்ஜில் வழியை விட்டு விலகி நின்றார். கார் கிளம்பிற்று. முதல் அரை மைல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜோராகப் போனது. எல்லிங் ஜன்னல் வழியாகக் கையைக்கூட ஆட்டினான். பிறகு மூக்கு இறங்கியது. வெள்ளை ஓடு அப்பளம்போல உடைந்து, முன் சக்கரம் இரண்டும் காணாமல் போயின. அவன் அவசரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். பின் சக்கரமும் உள்ளே போயிற்று.

அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரத்தது. தாய் விமானம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. அவிழ்த்து விட ஐம்பது நிமிடம். கெட்டில் தயாரா?

ஹெர்ஷல் ரேடியோவைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன சொல்ல? தயாரில்லன்னா எல்லாத்தையும் திருப்பிடுவாங்க. அத்தன எரிபொருளும் வீணாப் போயிடும். தயாருன்னா, ஏரி நடுவுல ஒரு காரு நிக்குது, அத ஒட்டி ஒரு பொய்க் கோடு வேற."

"அர மணி நேரம் குடு" என்றார் வெர்ஜில். "அதுக்குள்ள முடியலேன்னா திருப்பிடு."

டிரக்கைச் சேற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. அது எல்லிங் செய்கிற வேலை. குண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். போட்டார், அளந்தார், இன்னும் பத்தடி போனார், மறுபடி போட்டார். கெட்டித் தரை முடிகிற இடத்தைக் கண்டுபிடித்து டிரக்கை அங்கே நிறுத்தி, இரும்பு வடத்தின் ஒரு முனையை அதில் மாட்டினார். மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு, டிரக்கில் கிடந்த பலகைகளை முன்னால் போட்டுப் போட்டு நடந்து காருக்குப் போனார். ஐம்பத்து மூன்று வயது. குழுவில் இருந்த இருபத்தைந்து வயது ஆட்கள் எல்லாம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லிங் முழங்கால் சேற்றில், பணப்பெட்டியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"மிஸ்டர் டாக்கெட், இழுக்கறதுக்கு எவ்வளவு..."

"பேரம் பேசற நேரமாய்யா இது? தள்ளி நில்லு!"

வடத்தைக் காரில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போய் டிரக்கைக் கிளப்பினார். முதல் இழுப்பில் வடம் முனகியது. இரண்டாவதில் சேறு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மூன்றாவதில் கார் எருமை எழுவது மாதிரி எழுந்து வந்தது. இருபத்து மூன்று நிமிடம்.

கெட்டித் தரைக்கு வந்ததும் எல்லிங் திரும்பி மேற்குக் கோட்டைப் பார்த்தான். புத்தம்புதுக் கறுப்பு, நடுவில் பெரிய ஓட்டை. "அது மேல... அது மேல பெருக்கல் குறி போட்டுடுங்க" என்றான் மெதுவாக. ஓடுபாதையின்மேல் பெருக்கல் குறி இருந்தால் இறங்காதே என்று பொருள். எந்தப் பைலட்டுக்கும் தெரியும்.

"எழுத்துல குடு" என்றார் வெர்ஜில்.

எல்லிங் பேனாவைத் தேடினான். சட்டைப்பையில் சேறுதான் வந்தது.

"வெர்ஜிலு!" என்று ஹெர்ஷல் கத்தினார். "ரெண்டு பேரையும் இங்கயே பொதச்சுடுவேன்! போய்ப் போடுய்யா!"

வெர்ஜில் போட்டார். கெட்டியாக இருந்த முதல் அரை மைலில், நூறு கஜ நீளத்துக்கு இரண்டு பட்டை, குறுக்கும் நெடுக்கும். பீப்பாயில் இருந்த கடைசிச் சொட்டு வரை அடித்தார். ஹெர்ஷல் ரேடியோவை வாயருகே வைத்து, "கெட்டில் தயார். கிழக்குக் கோடு" என்றார். வெர்ஜில் காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று இருந்தது.

பிறகு எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். வெகு உயரத்தில் வெள்ளை நூல் ஒன்று வந்தது. அதன் அடியிலிருந்து ஒரு புள்ளி பிரிந்தது. ஒரு கணம் அது சும்மா விழுந்தது. அப்புறம் அதன் பின்னால் தும்பைப்பூ நிறத்தில் ஒரு கோடு பாய்ந்தது, தெற்கு நோக்கி மேலே மேலே. ராக்கெட் பற்றிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ வானத்தில் கதவை அறைந்து சாத்தியதுபோல இரண்டு இடி. கறுப்பு விமானம் கெட்டில் ஏரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றான் எல்லிங்.

"இவ்வளவுதான்" என்றார் ஹெர்ஷல். "எறங்காம இருக்கறதுக்குத்தான் இத்தன பாடு."

வெர்ஜில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லிங்கின் எதிரே வந்து நின்றார். "இப்ப பேரம் பேசலாம். கார் இழுத்த கூலி நானூத்துப் பன்னெண்டு டாலர்."

"நானூ... மிஸ்டர் டாக்கெட், இது கொள்ளை! ஊர்ல பத்து டாலருக்கு இழுப்பான்!"

"ஊர்லேருந்து அவனக் கூப்புடு. எம்பது மைலு. நான் காரத் திரும்பக் கொண்டுபோய் அதே ஓட்டையில வச்சுடறேன், அவன் வந்து இழுக்கட்டும்."

குழுவினர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வேண்டாம்னா விட்டுடு" என்றார் வெர்ஜில். "இதுக்கு எப்படியும் ஒரு அறிக்க எழுதணும். குண்ட பத்துத் தடவ ஒரே எடத்துல போட்ட கதைய நான் சொல்றேன், ஹெர்ஷல் எழுதட்டும். அவன் ஆறாவது வரைக்கும் படிச்சவன்."

எல்லிங் காரைப் பார்த்தான், பெருக்கல் குறியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு விதிகள் மனப்பாடம். களத்தில் அவசர மீட்புச் செலவு ஐந்நூறு டாலர் வரை யார் ஒப்புதலும் இல்லாமல் அந்த இடத்திலேயே கொடுக்கலாம். ஒரு பிரதி ரசீது போதும். அதை அவனே வாய்விட்டுச் சொன்னபோது வெர்ஜிலுக்குத் தலை சுற்றியது. ஏரியில் ஆள் சாகாமல் கோடு போட்டால் நாலு பிரதி. முட்டாள்தனமாகச் சேற்றில் விட்ட காரை இழுத்தால் ஒரே பிரதி!

எல்லிங் கார் முகப்பில் பெட்டியை வைத்து ரசீது எழுதினான். வெர்ஜில் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதற?"

"கார் மீட்டதுக்குன்னு."

"கோடு போட்டதுக்குன்னு எழுது. கெட்டில் ஏரியில சரியான எடத்துல கோடு போட்டதுக்குன்னு."

"அப்பிடி எழுதினா இந்தப் பெட்டியிலேருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. கோட்டுக்கு நாலு பிரதி, வரைபடம் திருத்தணும், கமிட்டி உக்காரணும். டிசம்பர் ஆகும். நெஜமாத்தான் சொல்றேன், சார்."

முதல் தடவையாக சார் என்றான். வெர்ஜில் கிழக்கே பார்த்தார். மூன்று மைல், நூல் பிடித்தாற்போல இரண்டு கறுப்புக் கோடுகள். இந்த நாட்டில் அவற்றை விட ஒழுங்கான கோடு எங்கேயும் இல்லை. அதைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வார்த்தை இருக்கப் போவதில்லை. எந்தக் காலத்திலாவது யாராவது அலுவலகக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், வெர்ஜில் டாக்கெட் என்பவர் கார் இழுக்கிற ஆள் என்றுதான் இருக்கும்.

"பொறுப்பில்லாத கூட்டம்" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லாமல். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

கையெழுத்துப் போட்டார். தார் படிந்த உள்ளங்கையை விரித்து நீட்டினார். எல்லிங் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். இருபது டாலர் நோட்டு இருபது, பத்து ஒன்று, ஒரு டாலர் ஒன்று, சேறு ஒட்டிய இன்னொரு டாலர்.